டாக்டர் பட்டத்திற்குப் பின் என்ன? – ஒரு தகப்பனின் அனுபவம்

சென்ற நவராத்திரியில் ஒரு வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தபோது நம் சங்க உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே வாசல் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். கையிலிருந்த சுண்டலை அவர் தொடவே இல்லை.

"சார், என் பையன் பிஎச்.டி. முடித்து ஏழு மாதம் ஆகிறது. போஸ்ட்டாக் தேடுகிறேன் என்கிறான். விண்ணப்பப் படிவம் எங்கே என்றால் அப்படி ஒன்று கிடையாது என்கிறான். கடைசித் தேதி என்ன என்றால் தேதியும் இல்லை என்கிறான். நாள் முழுதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அவன் ஏமாற்றுகிறானா, எனக்குத்தான் விளங்கவில்லையா? உங்கள் பெண் விஷயத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?"

பையன் ஏமாற்றவில்லை என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் கேட்ட கடைசிக் கேள்விதான் மனத்தில் ஓடியது. என் பெண் விஷயத்தில் நான் என்ன செய்தேன்? உண்மையைச் சொன்னால், விளங்காத விஷயத்தில் விளங்கியவன் போல யோசனை சொல்லி அவளுக்குச் சுமார் ஒரு வருஷத்தை நஷ்டப்படுத்தினேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்போது ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறார்கள். என் தவறு இன்னொரு வீட்டில் நடக்காமல் இருக்கட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் டிப்ளமோ படித்த ரயில்வேக்காரன். பாதைப் பராமரிப்பில் காலம் கழித்தவன். ஆராய்ச்சியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. தகப்பன்மார் செய்யும் தவறுகளைப் பற்றிப் பேசும் தகுதி மட்டும் நிறையவே உண்டு!

போஸ்ட்டாக் என்றால் என்ன?

பிஎச்.டி. வாங்கிய பிறகு ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் இரண்டு அல்லது மூன்று வருஷம் சம்பளத்துடன் முழுநேரமாக ஆராய்ச்சி செய்வதுதான் போஸ்ட்டாக். இது படிப்பு அல்ல. தேர்வோ பட்டமோ கிடையாது. நிரந்தர உத்தியோகமும் அல்ல; ஒப்பந்தம் முடிந்தால் முடிந்ததுதான். "டாக்டர் ஆன பிறகும் டிரெயினிங்கா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். பிஎச்.டி.யில் வழிகாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நடத்துகிறார். தனியாக நடக்கத் தெரியும் என்று காட்ட வேண்டிய காலம் போஸ்ட்டாக். ஐ.ஐ.டி.களில் உதவிப் பேராசிரியர் பதவிக்கு, பிஎச்.டி. செய்த காலத்தைக் கணக்கில் சேர்க்காமல், மூன்று வருஷ அனுபவம் கேட்கிறார்கள். அந்த அனுபவத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் சேர்ப்பது போஸ்ட்டாக்கில்தான்.

நான் செய்த முதல் தவறு

என் மகள் உலோகவியலில் ஆராய்ச்சி செய்தவள். தண்டவாள எஃகின் பற்றவைப்பு இணைப்புகளில் விரிசல் எப்படித் தொடங்குகிறது என்பது அவள் விஷயம். 2022 ஜூலையில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். வாய்மொழித் தேர்வு நடந்து பட்டம் வர இன்னும் ஆறேழு மாதம் ஆகும் என்ற நிலை. ஆகஸ்டில், முன்பு ஒரு கருத்தரங்கில் அவளைச் சந்தித்திருந்த வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர், தம்மிடம் ஓர் இடம் காலியாக இருக்கிறது, விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருந்தார். என்னிடம் ஆசையாகக் காட்டினாள்.

நான் உடனே சட்டம் பேசினேன். "பட்டம் கையில் இல்லாமல் விண்ணப்பித்தால் நாளைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பில் தள்ளிவிடுவார்கள். முதலில் புரொவிஷனல் சர்டிபிகேட் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்றேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நான் பார்த்த உத்தியோக முறை அதுதான். ஐந்தரை வருஷம் உழைத்துக் களைத்திருந்த பெண், அப்பா சொல்வதும் சரியாக இருக்குமோ என்று விட்டுவிட்டாள். பட்டம் வந்த பிறகு அந்தப் பேராசிரியருக்கு எழுதினால், அந்த இடத்தில் வேறொருவர் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பழைய விளம்பரத்தை எடுத்து நிதானமாகப் படித்துப் பார்த்தோம். ஆய்வேட்டைச் சமர்ப்பித்தவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று தெளிவாக ஒரு வரி இருந்தது. அன்று இரவு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

ஆகவே முதல் பாடம்: பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்குச் சுமார் ஒரு வருஷம் முன்பே தேடத் தொடங்கலாம். நம் நாட்டின் தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகைக்கே ஆய்வேட்டைச் சமர்ப்பித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு விளம்பரத்திலும் விதி வேறாக இருக்கும். அதைப் படித்து முடிவு செய்ய வேண்டுமே தவிர, அப்பாவின் உத்தியோக அனுபவத்தை வைத்து அல்ல.

அறுபது கடிதங்கள்

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. 2023 பிப்ரவரியில் சான்றிதழ் வந்ததும் வேகம் பிறந்தது எனக்கு. "நிறைய இடத்தில் போட்டால் ஒன்றாவது விழும்" என்றேன். உறவுக்காரப் பையன் ஒருவன் கம்ப்யூட்டரில் பழுத்த கை. அவன் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டு அழகான ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தயாரித்தான். பெயரை மட்டும் மாற்றி அறுபது பேராசிரியர்களுக்கு அனுப்பினோம். எனக்கு அறுபது என்பது பெருமையாக இருந்தது. ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு எழுதி வைத்தேன்.

அறுபதில் ஐம்பத்தாறு பேர் பதிலே போடவில்லை. இரண்டு பேர் இடமில்லை என்று எழுதினார்கள். ஒருவர், கடிதத்தின் நடுவில் வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பதைச் சுட்டிக்காட்டியிருந்தார். இன்னொருவர் ஒரே வரியில், "நான் சார் அல்ல" என்று எழுதியிருந்தார். அவர் பெண்மணி! "ரெஸ்பெக்டட் சர்" என்று நாங்கள் தொடங்கியிருந்தோம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் மகளுக்கு வரவில்லை. "அப்பா, அவங்க பேப்பரை வைச்சுத்தான் என் தீஸிஸ்ல ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன். இனிமே எந்த முகத்தோட அவங்களுக்கு எழுதுவேன்?" என்றாள். அதன் பிறகு சில வாரங்கள் அவள் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. சயாஜி பாக்குக்கு நடக்கக் கூப்பிட்டாலும் வரமாட்டாள். தெரிந்தவர்கள் யாராவது எதிரில் வந்து "இப்ப என்ன பண்றே?" என்று கேட்பார்களாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இதை ரயில்வே வேலை என்று நினைத்துவிட்டேன். அங்கே அறிவிப்பு வரும், படிவம் வரும், தேர்வு, பேனல், நியமன ஆணை என்று வரிசையாக நடக்கும். விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு உங்களைத் தெரியாது, தெரியவும் வேண்டாம். போஸ்ட்டாக் அப்படி அல்ல. ஒரு தனி மனிதர், தம் ஆராய்ச்சியில் தமக்குப் பக்கபலமாக நிற்க இன்னொரு மனிதரைத் தேடுகிறார். கல்யாணத்துக்குப் பத்திரிகை அச்சடிப்பது போல அச்சடித்து அனுப்பினால் அவர் எப்படி நம்புவார்?

நம் ஊர்ப் பிள்ளை எழுதிய கடிதம்

இந்த இடத்தில் பரோடாக்காரர்கள் எல்லோரும் பெருமையோடு சொல்லும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெங்கி ராமகிருஷ்ணன் 1952-ல் சிதம்பரத்தில் பிறந்து, மூன்று வயதில் இங்கே வந்து, 1971-ல் நம் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவர். தந்தையார் இங்கே உயிர்வேதியியல் துறையை நடத்தியவர். அவரே அமெரிக்காவின் மேடிசன் நகரில் போஸ்ட்டாக் செய்தவர்.

வெங்கி 1976-ல் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கினார். அது தம் வழி அல்ல என்று தோன்றவே, மறுபடியும் மாணவராகச் சேர்ந்து இரண்டு வருஷம் உயிரியல் படித்தார். 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஏங்கல்மேன், மூர் என்ற இரு யேல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் எழுதிய கட்டுரை அவரைக் கவர்ந்திருந்தது. ஏங்கல்மேனுக்குக் கடிதம் எழுதினார். அவர் அந்தக் கடிதத்தைப் பீட்டர் மூரிடம் சேர்த்தார். அப்படித்தான் 1978-ல் மூரின் ஆய்வுக்கூடத்தில் போஸ்ட்டாக் கிடைத்தது. ரைபோசோம் பற்றிய ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது. அதற்கே 2009-ல் வேதியியல் நோபல் பரிசு வந்தது.

இதில் இன்னொரு பாதியையும் மறக்கக் கூடாது. போஸ்ட்டாக் முடிந்து பேராசிரியர் வேலைக்குச் சுமார் 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. 1983-ல் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் விஞ்ஞானியாகச் சேர்ந்து 1995 வரை அங்கே வேலை பார்த்தார். மறுப்பு வந்தால் பிள்ளைக்குத் திறமையில்லை என்று பொருள் அல்ல. இதை என் மகளுக்குச் சொன்னேன். "அவர் ஒருத்தருக்கு எழுதினாரு, நாம அறுபது பேருக்கு எழுதினோம்" என்றாள். நோட்டை எடுத்துப் பரண்மேல் போட்டேன்.

இரண்டு பாதைகள்

மகள் சொல்லிக் கொடுத்ததை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். போஸ்ட்டாக்குக்குப் பணம் இரண்டு வழியில் வருகிறது.

ஒன்று, பேராசிரியரிடம் ஏற்கெனவே இருக்கும் திட்டப் பணம். அவர் விளம்பரம் செய்து ஆள் எடுக்கிறார். நம் நாட்டில் 'ரிசர்ச் அசோசியேட்' என்று வரும் பல இடங்கள் இந்த வகை. மத்திய அரசு 2023-ல் திருத்திய கணக்கின்படி இவர்களுக்கு மாதம் 58,000, 61,000, 67,000 ரூபாய் என்று மூன்று படிகள். வீட்டு வாடகைப்படி தனி. ஜெர்மனியில் பல்கலைக்கழகப் போஸ்ட்டாக்குகளுக்கு அரசு ஊழியர் சம்பள அட்டவணையில் 'இ-13' என்ற படியில்தான் பெரும்பாலும் சம்பளம்.

இரண்டாவது, பிள்ளை தானே போட்டியிட்டுப் பெறும் உதவித்தொகை. நம் நாட்டில் தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகை இரண்டு வருஷத்துக்கு. வயது வரம்பு 35. பெண்களுக்கு ஐந்து வருஷத் தளர்வு உண்டு. முன்பு இதை நடத்தியது அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம். 2023-ல் இயற்றிய சட்டப்படி அந்த இடத்தில் இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இருக்கிறது. ஐரோப்பாவில் மேரி கியூரி பெயரிலும், ஜெர்மனியில் ஹம்போல்ட் பெயரிலும், ஜப்பானில் ஜே.எஸ்.பி.எஸ். என்ற அமைப்பின் பெயரிலும் உதவித்தொகைகள் இருக்கின்றன. ஹம்போல்ட் பட்டம் பெற்று நான்கு வருஷத்துக்குள் இருப்பவர்களுக்கு, ஜே.எஸ்.பி.எஸ். ஆறு வருஷத்துக்குள். மேரி கியூரிக்கு ஒரு விசித்திர விதி: எந்த நாட்டுக்குப் போக விரும்புகிறோமோ அந்த நாட்டில் அதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. நம் ஊரிலிருந்து முதன்முறை கிளம்பும் பிள்ளைகளுக்கு இது சாதகமே.

இந்த இரண்டாவது வகையில்தான் பலர் இடறுகிறார்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுப் பிறகு பேராசிரியரைத் தேடலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது. 'இவர் என்னிடம் வரலாம்' என்ற ஒப்புதல் முதலில் வேண்டும். ஜே.எஸ்.பி.எஸ். உதவித்தொகையில் விண்ணப்பத்தை அனுப்புவதே ஜப்பானில் இருக்கும் அந்தப் பேராசிரியர்தான். ரயில்வேக்காரர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுக்காமல் வண்டியை அனுப்ப முடியுமா? அதே கதைதான்.

லைன் கிளியர் வாங்குவதற்கே பல மாதம் ஆகும். பிறகு இருவரும் சேர்ந்து ஆய்வுத் திட்டம் எழுத வேண்டும். கடைசித் தேதிக்கு ஆறு மாதம் முன்பே பேச்சைத் தொடங்குவது நல்லது.

எங்கே தேடுவது?

விளம்பரங்களுக்கு 'யூராக்ஸஸ்' என்ற ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளம், 'நேச்சர் கேரியர்ஸ்', பிரிட்டனின் 'ஜாப்ஸ் டாட் ஏ.சி. டாட் யூ.கே.' ஆகியவற்றைப் பார்க்கலாம். நம் நாட்டில் அந்தந்த ஐ.ஐ.டி., ஐசர், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் ஆகியவற்றின் சொந்த இணையதளங்களையே பார்க்க வேண்டும்.

ஆனால் விளம்பரமாக வராத இடங்கள் நிறைய. என் மகள் இரண்டாவது சுற்றில் செய்தது இதுதான். தன் ஆய்வேட்டின் கடைசியில் உள்ள நூற்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டாள். 'யார் எழுதியதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்?' என்று பார்த்து இருபது பெயர்களைக் குறித்தாள். யாருக்குப் புதிதாகத் திட்டப் பணம் கிடைத்திருக்கிறது, யார் புதிதாக ஆய்வுக்கூடம் தொடங்கியிருக்கிறார்கள் என்று தேடினாள். புதிதாகத் தொடங்கியவர்களுக்கு ஆள் தேவை. அதன்பின் ஒவ்வொரு கூடத்திலும் முன்பு வேலை செய்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தாள். நல்ல இடங்களுக்குப் போயிருந்தால் நல்ல அறிகுறி. ஒருவர் மாற்றி ஒருவர் பாதியில் விலகியிருந்தால் அந்தப் பெயரை அடித்துவிட்டாள். பெண் கொடுக்கும் முன் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோமே, அது மாதிரி! முன்னாள் போஸ்ட்டாக் ஒருவருக்கு எழுதி, "அங்கே எப்படி?" என்று கேட்டாள். மூன்று பக்கம் பதில் வந்தது.

இருபது பதினொன்றாகச் சுருங்கியது.

கடிதம் எப்படி எழுதுவது?

அந்தப் பதினொரு கடிதங்களை எழுத அவளுக்கு நான்கு மாதம் ஆயிற்று. வாரத்துக்கு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றையும் எழுதுவதற்கு முன் அந்தப் பேராசிரியரின் சமீபத்திய கட்டுரைகள் மூன்றையாவது முழுதாகப் படித்தாள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாது. நான்கே பத்தி. தான் யார், எப்போதிலிருந்து வர முடியும் என்பது முதல் பத்தி. தான் செய்து முடித்த வேலை இரண்டாவது. அவர் வேலையில் எந்தக் கேள்வி தன்னை இழுத்தது, அதில் தன்னால் என்ன சேர்க்க முடியும் என்பது மூன்றாவது. உதவித்தொகைக்குச் சேர்ந்து விண்ணப்பிக்கத் தயார் என்பதும், பேச நேரம் கிடைக்குமா என்ற வேண்டுகோளும் கடைசி.

மூன்றாவது பத்திதான் உயிர். ஒரு கடிதத்தில் அவள் எழுதியதைச் சொல்கிறேன். அந்தப் பேராசிரியர் பற்றவைத்த இணைப்புகளுக்குள் தங்கிவிடும் உள் இழுவிசையை அளந்து ஒரு வரைபடம் போட்டிருந்தார். அது அறை வெப்பநிலையோடு நின்றுவிட்டது. இவளிடமோ குளிர் நிலையில் எடுத்த அளவுகள் இருந்தன. இரண்டையும் சேர்த்தால் என்ன தெரியவரும் என்று ஐந்து வரியில் எழுதினாள். நான்காம் நாள் பதில் வந்துவிட்டது.

கூடவே இரண்டு பக்கத் தன்விவரக் குறிப்பும், தன் சிறந்த கட்டுரை ஒன்றும் மட்டும் இணைத்தாள். பிறந்த தேதி, தகப்பனார் பெயர், மதம் எல்லாம் தன்விவரக் குறிப்பில் எதற்கு என்று கேட்டு நீக்கிவிட்டாள். தகப்பனார் பெயர் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்! பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட்டாள்.

பதினொன்றில் ஐந்து பதில் வந்தன. "நான் சார் அல்ல" என்று எழுதிய அம்மையாருக்கும் தயங்கித் தயங்கி, பழைய தவறுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பெருந்தன்மையான பதில் வந்தது. இடம் இல்லை, ஆனால் இன்னாருக்கு எழுது என்று வேறொரு பெயர் கொடுத்திருந்தார்.

பரிந்துரைக் கடிதங்கள்

இதில் எச்சரிக்கை தேவை. பொதுவாக இரண்டு மூன்று பேர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். அதைப் பிள்ளையிடம் தரமாட்டார்கள், நேரே அனுப்புவார்கள். எங்களுக்கு ஒரு பரிந்துரை நேரத்துக்குப் போய்ச் சேராமல் ஓர் உதவித்தொகையின் கடைசித் தேதி தவறிப்போனது. அவர் கெட்டவர் அல்லர். வேலைப் பளுவில் மறந்துவிட்டார். இவள் இரண்டாம் முறை நினைவுபடுத்தக் கூச்சப்பட்டாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் முன்பே கேட்டு, கடைசித் தேதி, அனுப்பும் முறை, தன்விவரக் குறிப்பு, தன் திட்டச் சுருக்கம் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் வைத்துக் கொடுத்தாள். ஒரு வாரம் முன்பு மறுபடி நினைவுபடுத்தினாள். பெரியவர்களிடம் கேட்பது மரியாதைக் குறைவு என்று நாம்தான் பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். பணிவாகக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்!

நேர்முகம்

இரண்டு இடங்களிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. இரண்டும் வீடியோ வழியாகத்தான். இருபது நிமிஷம் தன் ஆராய்ச்சியைப் படங்களோடு விளக்க வேண்டும், பிறகு கேள்விகள். ஒத்திகைக்கு ஆள் வேண்டுமே! நானும் என் மனைவியும் எதிர்வீட்டுக் குஜராத்தி ஆசிரியரும் உட்கார்ந்து கேட்டோம். எங்களுக்குப் புரியாத இடத்தில் கையைத் தூக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் நாள் என் மனைவி கையைக் கீழே இறக்கவே இல்லை. ஐந்தாம் நாள் ஒருமுறைகூடத் தூக்கவில்லை.

ஜெர்மனியிலிருந்து நடந்த நேர்முகத்தை அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒருவர், "இந்த விஷயத்தை ஏன் எடுத்துக்கொண்டாய்?" என்று கேட்டார். ஏதோ தொழில்நுட்பப் பதில் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு. குளிர்காலத்தில் தண்டவாளம் சுருங்கும். நீண்ட பற்றவைப்புத் தண்டவாளத்தில் பலவீனமான இணைப்பு இருந்தால் விடியற்காலைக் குளிரில்தான் அறுபடும். அதனால் அந்த மாதங்களில் இரவு ரோந்து உண்டு. என் அப்பா பல டிசம்பர் இரவுகளில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பிப் போவார். ஓர் இணைப்பு எப்போது உடையும் என்று முன்கூட்டித் தெரிந்தால் அவர் வீட்டில் தூங்கலாமே என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன் என்றாள்.

அவள் அப்படி நினைத்தாள் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

நேர்முகத்தில் நம் பிள்ளையும் கேள்வி கேட்க வேண்டும். ஒப்பந்தம் எத்தனை மாதம்? பணம் எந்தத் திட்டத்திலிருந்து, எப்போது தீரும்? மருத்துவக் காப்பீடு உண்டா? சொந்த யோசனைகளுக்கு நேரம் கிடைக்குமா? வெளியேறும்போது எந்த வேலையைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு போகலாம்? இவற்றைக் கேட்டால் தவறாக நினைக்கமாட்டார்கள். கேட்காவிட்டால்தான் யோசிப்பார்கள்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போஸ்ட்டாக்குகள் பலர் 'ஜே-1' விசாவில் போகிறார்கள். ஆராய்ச்சியாளருக்கு அதிகபட்சம் ஐந்து வருஷம். முடிந்ததும் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இந்தியர் பலருக்கு இருந்தது. 2024 டிசம்பரில் திருத்திய துறைப் பட்டியலிலிருந்து இந்தியா நீக்கப்பட்டது. இருந்தாலும் அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கு அந்த நிபந்தனை வரலாம். விசா தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்று: 'இடம் உறுதி, செயல்முறைக் கட்டணம் அனுப்புங்கள்' என்று கடிதம் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேளுங்கள்.

பெற்றோருக்கு

2023 நவம்பரில் ஜெர்மனியிலிருந்து இரண்டு வருஷ ஒப்பந்தம் வந்தது. 2024 மார்ச்சில் அவள் கிளம்பினாள். அதே சமயம் போட்ட உதவித்தொகை விண்ணப்பம் ஒன்று நிராகரிக்கப்பட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும். கிடைத்ததை மட்டும் சொன்னால் கணக்கு நேராகாது.

பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது சில விஷயங்கள்தான். பிஎச்.டி. முடிந்து ஒரு வருஷம் பிள்ளை வீட்டில் இருந்தால் சும்மா இருக்கிறான் என்று எண்ணாதீர்கள். கடிதம் எழுதுவதும் காத்திருப்பதும் வேலையே. தினமும் "பதில் வந்ததா?" என்று கேட்காதீர்கள், வந்தால் முகத்திலேயே தெரியும். அந்த மாதங்களில் கைச்செலவுக்கு அவர்கள் வாய்விட்டுக் கேட்கும்படி வைக்காதீர்கள். கல்யாணப் பேச்சை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் போட்டோம், அவிழ்ப்பதற்குப் பெரும்பாடு பட்டோம். முக்கியமாக, உங்கள் உத்தியோகத்தில் எது சரியோ அது இங்கேயும் சரி என்று அடித்துப் பேசாதீர்கள். தெரியாது என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ஒத்திகை கேட்க ஆள் வேண்டும். அந்த வேலைக்கு டிப்ளமோகூட வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. போஸ்ட்டாக் போய்ச் சேரும் ஊர் அல்ல. நடுவில் மாறும் ஜங்ஷன். அங்கே இறங்கிய அன்றே அடுத்த வண்டி எது என்று யோசியுங்கள். என் மகள் ஒப்பந்தம் முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே அடுத்த கடிதங்களை எழுத ஆரம்பித்துவிட்டாள். இந்த முறை என்னிடம் யோசனை கேட்கவில்லை. எழுதியதைப் போனில் படித்துக் காட்டி, "உங்களுக்குப் புரியுதாப்பா?" என்று மட்டும் கேட்டாள். புரிந்தது.

கொலுவில் என்னைக் கேட்ட நண்பரின் மகன் இப்போது ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து தன் ஆராய்ச்சியை விளக்குகிறான். என் மனைவி கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வேறு பிள்ளைகள் யாராவது வர விரும்பினாலும் வரலாம். காபி உண்டு.